ஒப்பாரியும் ஓவியமும்



தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், அந்தச் செய்தி லயம் முழுவதும் பரவுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. அடுப்பில் வைத்த உலை அப்படியே நிற்கும். பெண்கள் போட்டது போட்டபடி ஓடுவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரே இருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாலைந்து பேர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளிலே ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சாய்த்து ஒப்பாரி வைப்பார்கள். வாசலிலே ஆண்கள் பந்தல் கால் ஊன்றுவார்கள். மூங்கில் வெட்டி வந்து பாடை கட்டுவார்கள். அவர்களிடையே பேச்சு குறைவாகவே இருக்கும். கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களில் இந்தக் காட்சியைக் காணாதவர் இருக்க முடியாது. தோட்டம் கைமாறி, சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் இது மறந்திருக்காது.

பெண்கள் அமர்ந்திருக்கும் அந்த வட்டத்தை ஒரு ஜெர்மானியப் பெண்மணி மரப்பலகையிலே செதுக்கி, மை பூசி, காகிதத்தில் அச்சாக எடுத்திருக்கிறார். 'தாய்மார்கள்' என்பது அந்தப் படத்தின் பெயர். கறுப்பு மையைத் தவிர வேறு வண்ணம் கிடையாது. பெண்கள் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாருடைய கை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கைகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. படத்தைச் செய்த அம்மையார் தமிழர்களைக் கண்டவர் அல்லர். ஒப்பாரி என்ற சொல்லைக் கேட்டவரும் அல்லர். ஆனாலும் அந்தப் படத்தை நம் பாட்டிமாரிடம் காட்டினால், 'இது யார் வீட்டுச் சாவு?' என்றுதான் கேட்பார்கள்.

இன்றைய பேச்சிலே, மரணத்தையும் துக்கத்தையும் வரைந்த சில ஓவியர்களைப் பற்றியும், அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக் கூடியதைப் பற்றியும் பார்ப்போம்.

நம் வீடுகளில் இரண்டு வகைப் படங்கள் தொங்குவதைக் காண்கிறோம். ஒன்று, சாமி படம் போட்ட காலண்டர். மற்றொன்று, மாலை போட்ட தாத்தாவின் போட்டோ. சாமி படத்திலே எல்லாம் அழகாக இருக்கும். போட்டோவிலே தாத்தாவின் மூக்கும் மீசையும் உள்ளது உள்ளபடி இருக்கும். ஆனால், அவர் போன அன்று பாட்டி எப்படிச் சுருண்டு விழுந்தார் என்பது இரண்டிலும் இல்லை. ஐரோப்பாவிலும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. அழகாகத் தீட்டுவது அல்லது கண்டதைக் கண்டபடி தீட்டுவது, இவையே ஓவியனின் வேலை என்று கருதப்பட்டன.

சுமார் நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பு சிலர் வேறுவிதமாக எண்ணத் தொடங்கினார்கள். மனத்துக்குள் இருக்கும் அச்சத்தையும் துயரத்தையும் கோபத்தையும் வெளியே கொண்டுவருவதுதான் ஓவியத்தின் வேலை. அதற்காக முகம் கோணினாலும், கை நீண்டாலும், வானம் சிவந்தாலும் பரவாயில்லை என்றார்கள். இதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர் வந்தது. தமிழிலே உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியம் என்று சொல்லலாம். 1905ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இளைஞர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்ததிலிருந்து இது ஓர் இயக்கமாக வளர்ந்தது.

இந்தப் படங்களை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், 'இது என்ன, கை கால் எல்லாம் கோணலாக இருக்கிறதே!' என்று சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர்கள் ஒப்பாரியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பாரி வைப்பவள் சங்கீத வித்துவானைப் போலச் சுருதி பார்த்துப் பாடுவதில்லை. குரல் உடையும், மூச்சு நடுவிலே அறும், ஒரு சொல் இழுபட்டு இழுபட்டு அழுகையாகவே மாறிவிடும். அந்த உடைசலைப் பிழை என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. உடையாத குரலில் ஒருத்தி ஒப்பாரி வைத்தால்தான் நமக்குச் சந்தேகம் வரும். ஓவியத்திலே கோடு உடைவதும் அது போன்றதே.

இந்த இயக்கத்துக்கு முன்னோடியாக இருந்தவர் நார்வே நாட்டைச் சேர்ந்த எட்வர்ட் மூங்க். 1863இல் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதாகும்போது தாய் காசநோயால் இறந்தார். 1877ஆம் ஆண்டில், பதினைந்தே வயதான அக்காள் சோஃபியையும் அதே நோய் கொண்டுபோயிற்று. எலும்புருக்கி என்று நம் முன்னோர் அஞ்சிய நோய்தான் அது.

மூங்க் தம் அக்காளின் நோய்ப்படுக்கையை 1885இல் வரையத் தொடங்கினார். 'நோயுற்ற குழந்தை' என்று அந்தப் படத்துக்குப் பெயர். தலையணையில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். பக்கத்திலே தலை குனிந்து, முகம் தெரியாமல் ஒரு மூதாட்டி. வண்ணத்தைப் பூசுவதும் சுரண்டுவதும் மீண்டும் பூசுவதுமாக அந்தப் படத்தோடு அவர் போராடினார். ஒரு முறை வரைந்ததோடு அவர் மனம் ஆறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப, ஆறு முறை அதே காட்சியை வண்ணத்தில் தீட்டினார்.

1893இல் அவர் தீட்டிய மற்றொரு படம் 'நோயாளியின் அறையில் மரணம்'. இதிலே சாகிற பெண் நாற்காலியில் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். அவள் முகத்தை நாம் பார்க்க முடியாது. நாம் பார்ப்பது சுற்றி நிற்கும் குடும்பத்தாரைத்தான். ஒருவர் கை கூப்பி நிற்கிறார். ஒருத்தி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒருவன் சுவரோரமாக நிற்கிறான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. அக்காள் இறந்தபோது தம்பி தங்கைகள் சிறு பிள்ளைகள். ஆனால் படத்திலே அவர்கள் பெரியவர்களாக, படம் தீட்டப்பட்ட காலத்து வயதிலே நிற்கிறார்கள். சாவு நடந்து பதினாறு ஆண்டுகள் ஆகியும் அவர்கள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை என்பதை மூங்க் இப்படிக் காட்டிவிட்டார்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்வோம். சாவை வரைந்த இந்த ஓவியர்கள் பெரும்பாலும் பிணத்தை வரையவில்லை. பிழைத்திருப்பவர்களை வரைந்தார்கள். ஒப்பாரியிலும் அப்படித்தானே? செத்தவரை விளித்துப் பாடினாலும், பாட்டின் பொருள் முழுவதும் விடப்பட்டவளின் நிலைமைதான்.

இனி, முதலில் சொன்ன ஜெர்மானிய அம்மையாரிடம் வருவோம். அவர் பெயர் கேத்தே கோல்விட்ஸ். 1867இல் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். அவர் கணவர் கார்ல் ஒரு டாக்டர். பெர்லின் நகரத்தில் கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வைத்தியம் பார்த்தவர். கணவரைத் தேடிவந்த தொழிலாளிப் பெண்களின் முகங்களைக் கேத்தே நாள்தோறும் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற தாயும், வேலையிழந்த புருஷனைப் பற்றிச் சொல்லி அழுகிற மனைவியும் அவருடைய படங்களுக்குள் வந்தார்கள்.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது 'நெசவாளர் எழுச்சி' என்ற ஆறு படங்களின் வரிசை. 1844இல் சைலீசியா பகுதியின் ஏழை நெசவாளர்கள் கூலி போதாமல் கிளர்ந்து எழுந்ததையும், அது அடக்கப்பட்டதையும் நினைவிலே கொண்டு அதைச் செய்தார். கடைசிப் படத்திலே, சுடப்பட்டு இறந்த நெசவாளர்களைத் தறி இருக்கும் வீட்டுக்குள்ளேயே தூக்கி வருகிறார்கள். இந்த வரிசைக்குப் பதக்கம் கொடுக்கலாம் என்று 1898இல் தேர்வுக் குழு சிபாரிசு செய்தது. ஜெர்மானியச் சக்கரவர்த்தி மறுத்துவிட்டார்.

1903இல் 'இறந்த குழந்தையுடன் தாய்' என்ற படத்தைச் செய்தார். ஒரு தாய் செத்த பிள்ளையைத் தன் மார்போடு சேர்த்து, முகத்தை அதன் மார்பிலே புதைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் படத்துக்கு மாதிரி தேவைப்பட்டபோது, தம் ஏழு வயது மகன் பீட்டரை மடியிலே கிடத்திக்கொண்டு, எதிரே கண்ணாடி வைத்துத் தம்மையே பார்த்து வரைந்தார்.

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பதினெட்டு வயதுப் பீட்டர் பட்டாளத்தில் சேர விரும்பினான். வயது போதாததால் தகப்பனாரின் சம்மதம் வேண்டியிருந்தது. தகப்பனார் மறுத்தார். தாய்தான் பிள்ளைக்காகப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். அக்டோபர் மாதத்திலே பெல்ஜியத்தில் பீட்டர் குண்டடிபட்டு இறந்தான்.

தம் வாயால் அனுப்பிவைத்த பிள்ளை. அந்த வேதனை எப்படிப்பட்டது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய வேண்டும் என்று அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கேத்தே நினைத்தார். முதலில் இறந்த மகனின் உருவத்தையே செய்ய முயன்றார். பல ஆண்டுகள் முயன்றும் மனத்துக்கு ஒப்பவில்லை. நிறுத்திவிட்டார். இடையிலே 'போர்' என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்களைச் செய்தார். 'தாய்மார்கள்' அவற்றில் ஒன்று. 'பெற்றோர்' என்பது இன்னொன்று. அதிலே தாயும் தகப்பனும் மண்டியிட்டு, ஒரே பாறையைப் போல ஒட்டிக் கிடக்கிறார்கள். தகப்பன் கையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான்.

பிறகு நினைவுச் சின்ன வேலையை மீண்டும் கையில் எடுத்தார். இந்த முறை மகனின் உருவத்தை விட்டுவிட்டார். தாயும் தகப்பனும் மட்டும் தனித்தனியே மண்டியிட்டிருக்கும் இரண்டு கற்சிலைகள். தகப்பன் நிமிர்ந்து, தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் முன்னால் குனிந்து சுருண்டிருக்கிறார். சிலைகளுக்குத் தம் கணவரின் முகத்தையும் தம் முகத்தையுமே கொடுத்தார். 1932இல் பெல்ஜியத்தில், மகன் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்திலே அவை வைக்கப்பட்டன. இப்போது அவை விளாட்ஸ்லோ என்ற ஊரில் இருக்கின்றன. பீட்டரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

1914இலிருந்து 1932 வரை பதினெட்டு ஆண்டுகள்! நாம் 16ஆம் நாள் கருமாதி செய்து துக்கத்துக்கு ஒரு முடிவு கட்டுகிறோம். அது நல்ல ஏற்பாடு. வேலைக்குத் திரும்ப வேண்டிய ஏழைக் குடும்பங்களுக்கு அது மிகவும் தேவை. ஆனால் சில சாவுகள் 16ஆம் நாளோடு முடிவதில்லை. அவற்றைச் சுமப்பதற்கு வேறு ஒரு வேலை தேவைப்படுகிறது. அந்த அம்மையாருக்கு அது உளியும் கல்லுமாக இருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் 1933இல் கலைக்கழகத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். பேரன் ஒருவனும் 1942இல் போரிலே மடிந்தான். அவன் பெயரும் பீட்டர்தான். 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களே இருந்தபோது கேத்தே காலமானார்.

அவருடைய படங்கள் கடல் தாண்டின. சீன எழுத்தாளர் லூ சுன், அரசாங்கத்தால் கொல்லப்பட்ட ஓர் இளம் நண்பருக்கு அஞ்சலியாக, 1931இல் ஒரு பத்திரிகையில் கேத்தேயின் படம் ஒன்றை வெளியிட்டார். சீனத்து இளைஞர்கள் பலர் அதன் பிறகு மரச்செதுக்குக் கலையைக் கற்றார்கள். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பலகை வேண்டும். ஒரு கத்தி வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தை மேடாக விட்டு, அதன் மேல் மை தடவிக் காகிதத்தை அழுத்த வேண்டும். ஒரே பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம். ஆகவே இது ஏழைகளின் ஓவியமாயிற்று.

இந்த வழி இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அது வந்த காலம் 1943. வங்காளத்துப் பஞ்ச காலம்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கரையோரத்துப் படகுகளைப் பறித்து அழித்தது. அக்டோபரில் மிதுனபுரி மாவட்டத்தைப் புயல் தாக்கியது. விலை ஏறியது, பதுக்கல் நடந்தது. மொத்தம் முப்பது லட்சம் பேர் வரை பசியாலும் நோயாலும் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள்.

அப்போது மூன்று ஓவியர்கள் அந்தச் சாவுகளுக்கு நடுவே சென்று வரைந்தார்கள். ஒருவர் ஜைனுல் ஆபெதீன். கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தவர்களையும், குப்பைத் தொட்டியருகே நாயோடும் காக்கையோடும் போட்டி போட்டவர்களையும் மலிவான பொட்டலக் காகிதத்திலே, கரியிலிருந்து தாமே செய்த மையினால் வரைந்தார். மற்றொருவர் சித்தப்பிரசாத். அவர் 1943 நவம்பரில் மிதுனபுரி மாவட்டத்தைக் கால்நடையாகச் சுற்றினார். கண்டதை எழுதியும் வரைந்தும் 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலாக வெளியிட்டார். அரசாங்கம் ஐயாயிரம் பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. தப்பிய ஒரு பிரதியை அவருடைய குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு 2011இல் நூல் மறுபடியும் அச்சாயிற்று.

சித்தப்பிரசாத்தின் ஒரு பழக்கத்தை நாம் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும். தாம் வரைந்தவர்களின் பெயர், ஊர், அவர்கள் எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்பதை அவர் விசாரித்து எழுதிவைத்தார். லட்சம் பேரில் ஒருவராக மறைந்துபோக இருந்தவர்கள், பெயருள்ள மனிதர்களாக நின்றுவிட்டார்கள்.

மூன்றாமவர் சோமநாத் ஹோர். 1921இல் சிட்டகாங் பகுதியில் பிறந்தவர். பஞ்ச காலத்திலே சித்தப்பிரசாத் இந்த இளைஞரை அழைத்துக்கொண்டு சிட்டகாங் தெருக்களில் சாகக் கிடந்தவர்களை வரையச் சொன்னார். அதுவே ஹோருக்குப் பள்ளிக்கூடம். கேத்தே கோல்விட்ஸின் படங்களும் சீனத்து மரச்செதுக்குகளும் அவருக்கு வழிகாட்டின. 1947இல் வடவங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, அங்கே வேலை செய்த தொழிலாளர் குடும்பங்களையும் அவர் வரைந்திருக்கிறார். தோட்டத்து ஆளின் வளைந்த முதுகு அவருக்குத் தெரிந்த ஒன்று.

பல ஆண்டுகள் கழித்து, 1971ஆம் ஆண்டு முதல், ஹோர் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். இதிலே மனித உருவமே கிடையாது. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, குத்தி, கிழித்து, அதன் மேல் சிமெண்டால் அச்சு எடுத்தார். அந்த அச்சிலே காகிதக் கூழைப் பதித்து உலர்த்தினார். கிடைத்தது வெள்ளைக் காகிதம். அதன் மேல் வெள்ளையாகவே ஒரு வெட்டு, ஒரு வீக்கம், ஒரு தழும்பு. அவ்வளவுதான். படித்தவர்களுக்குக் கூட இது புரியவில்லை என்று சொல்வதுண்டு. ஆனால் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புரியாமல் போகாது. கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்திலே காயம் விழும். ஆறினாலும் அந்த இடத்துப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். வெட்டியவன் போன பிறகும், எத்தனையோ ஆண்டுகள் கழித்தும், மரத்தைத் தடவிப் பார்த்தால் காயம் கைக்குத் தட்டுப்படும். ஹோர் காகிதத்திலே செய்தது அதையே. பஞ்சத்தில் பார்த்த முகங்கள் வாழ்நாள் முழுதும் தம்மை விடவில்லை என்பதை அவர் இப்படிச் சொன்னார். 2006இல் அவர் காலமானார்.

நேயர்களே, அந்த 1943ஆம் ஆண்டிலே நம் வீடுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது?

அதே போர், அதே பர்மா. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த வேலை. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரம் பேருக்கு மேல் அதற்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். கெடாவிலிருந்தும் போனார்கள், தெற்கே இருந்து வந்த வண்டிகளும் சுங்கைப் பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் வழியாகவே வடக்கே போயின. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. பர்மியர், ஜாவாக்காரர், தமிழர் எல்லாரும் சேர்ந்து, ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் அங்கே மடிந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரியிலே அந்தக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ 7,000 வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் இல்லை.

இங்கே அவர்கள் வீட்டிலே என்ன ஆயிற்று? உடல் வரவில்லை. செய்தியும் சரியாக வரவில்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண் தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? நாள் தெரியாமல் எந்த நாளுக்குத் திதி கொடுப்பது? யாருக்காக வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது? முறைப்படி அழக்கூட முடியாத சாவுகள் அவை.

அந்தப் பாதையிலும் ஓவியர்கள் இருந்தார்கள். ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேய இளைஞர் கைதியாக இருந்துகொண்டே வரைந்தார். கண்டுபிடித்தால் உயிருக்கு ஆபத்து. காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியிலே காவலர்கள் தேடமாட்டார்கள் என்று அங்கே படங்களை ஒளித்துவைத்தார். ஜாக் சாக்கர் என்ற இன்னொரு கைதியும் வரைந்தார். சேர்லின் படங்கள் இன்று லண்டனில் போர் அருங்காட்சியகத்திலே இருக்கின்றன. அவர்கள் பெரும்பாலும் தங்கள் தோழர்களையே வரைந்தார்கள், அது இயல்புதான். தமிழனின் முகத்தை, அவன் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் வரைந்துவைக்க ஒரு சித்தப்பிரசாத் அங்கே இல்லை.

எழுத்திலே நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தைச் சொல்கின்றன. ஓவியத்திலேதான் வேலை நிறைய மிச்சம் இருக்கிறது.

'எண்பது ஆண்டுகள் கழித்து யார் வரைவது, எதைப் பார்த்து வரைவது?' என்று கேட்கலாம். மூங்க் அக்காள் இறந்த எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வரையத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரைந்தார். கேத்தே மகனின் முகத்தை விட்டுவிட்டு, பெற்றவர்களின் முகத்தைச் செதுக்கினார். போனவர்களின் முகம் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். காத்திருந்தவர்களின் முகம் நமக்குத் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து ரயில் சத்தத்தைக் கேட்ட பாட்டியின் முகம் எத்தனையோ குடும்பங்களின் நினைவிலே இருக்கிறது. அதை வரையலாம்.

நம் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தாவோ பாட்டியோ இறந்த வீட்டிலே, சில நாட்கள் கழித்து, சிறு பிள்ளை ஒன்று காகிதத்தை எடுத்துப் பாடையையும் கொள்ளிச் சட்டியையும் காலியான கட்டிலையும் வரைந்தால், 'அமங்கலம், கிழித்துப் போடு' என்று அதட்டாதீர்கள். வாய்விட்டு ஒப்பாரி வைக்கப் பெரியவர்களுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைக்கு அந்தப் பாட்டுத் தெரியாது, பென்சில்தான் தெரியும். 'இது யார்? ஏன் இவருக்குக் கை இவ்வளவு பெரியது?' என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். 'இந்தக் கையால்தான் தாத்தா என்னைத் தூக்குவார்' என்று பதில் வரலாம். கேத்தேயின் படங்களிலே கைகள் ஏன் பெரியவை என்பது அப்போது உங்களுக்கே விளங்கிவிடும்.

படம் வரைந்தால் அதன் அடியிலே பெயரை எழுதச் சொல்லுங்கள். இன்னார், இன்ன ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர், இன்ன தோட்டத்திலே இத்தனை ஆண்டுகள் பால் வெட்டியவர், இன்ன ஆண்டிலே இறந்தவர் என்று எழுதட்டும். தோட்டங்கள் கைமாறுகின்றன, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. பழைய சுடுகாட்டிலே எந்த மேடு யாருடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கு இன்னும் அதிகக் காலம் இல்லை.

ஓவியம் என்பது பணக்காரர்களுக்கும் பட்டணத்தாருக்கும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். உலகம் அறிந்த ஓவியர் இப்ராஹிம் ஹுசேன், நம் கெடாவிலே, யான் வட்டாரத்து நெல்வயல்களுக்கு நடுவே 1936இல் பிறந்தவர்தான். சித்தப்பிரசாத்துக்கு நடக்கக் கால்கள் இருந்தன; ஆபெதீனுக்குப் பொட்டலக் காகிதமும் கரியும் இருந்தன. நம் அடுப்பிலும் கரி இருந்தது. நம் கடையிலும் காகிதம் கிடைக்கிறது.

பாட்டி ஒருத்தி ஒப்பாரி வைக்கும்போது, பக்கத்திலே அமர்ந்து கேட்கிறவர்கள் இடையிடையே 'ஆமாம்' என்று சொல்வதில்லை; ஆனால் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். துக்கத்தை வரைந்த ஓவியத்தின் முன்னால் நிற்பதும் அப்படித்தான். அடுத்த முறை அப்படி ஒரு படத்தைப் புத்தகத்திலோ பள்ளிச் சுவரிலோ காண நேர்ந்தால், கோணல் என்று தள்ளிவிடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இன்றிரவு வீட்டில் வயதானவர்கள் இருந்தால், திரும்பி வராத ஒருவரின் பெயரைக் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். படம் பிறகு வரட்டும்.